செல்வமலர் திறந்துவிட்ட கதவு

செல்வமலருக்கு ஜெர்மன் மொழி அழுக்குத்துணிக் கூடைக்குள் கிடைத்தது. கேட்பவர்களுக்கு அவள் இப்படித்தான் சொல்வாள். சொல்லும்போது சிரிப்பதில்லை, ஏனென்றால் அது உண்மை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், இரண்டு வருடம் அகதி விடுதியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஹாம் நகருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மேல்மாடியில் யாராவது காலமானால் பிள்ளைகள் வருவார்கள். மணிக்கூடு, மோதிரம், ரேடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வேண்டாததைப் படுக்கைவிரிப்போடு சுருட்டிக் கூடையில் போட்டுக் கீழே அனுப்புவார்கள். வேண்டாதது என்றால் பெரும்பாலும் புத்தகம். விரிப்பு இயந்திரத்துக்குள் போகும், புத்தகம் செல்வமலரின் பைக்குள் போகும்.

அப்படி வந்த ஒன்று கெர்லிண்டா வோஸ்காம்ப் என்ற நாவலாசிரியை எழுதியது. பிரிங்மான் என்றொரு பேக்கரிக் குடும்பத்தின் கதை. ஒரு தாய், மார்த்தா என்ற மூத்த மகள், லீசெல் என்ற இளைய மகள், நடுவில் ஒரு பெரிய அடுப்பு. அந்தப் புத்தகத்தை வைத்திருந்து செத்துப்போன கிழவி பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள். முப்பத்திரண்டாம் பக்கத்தில் ‘லீசெல் ஒரு மாடு’ என்றிருந்தது. எழுபதாம் பக்கத்தில் ‘என் மைத்துனியும் இதே வேலையைத்தான் செய்தாள்’. நூற்றுப் பதினெட்டில் ‘பொய், பொய், பொய்’ என்று எழுதி, பென்சில் முனை உடைந்த அடையாளமும் இருந்தது.

செல்வமலர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முதலில் பென்சில் எழுத்தைத்தான் படித்தாள். அது சுருக்கமாக இருந்தது. கிழவி யாரை இந்தப் பேச்சுப் பேசுகிறாள் என்று அறியும் ஆவலில் பிறகு அச்செழுத்துக்குப் போனாள். ஒரு வருடத்தில் புத்தகம் முடிந்தது. ஜெர்மனும் வந்துவிட்டது. லீசெல் மாடுதான் என்ற முடிவுக்கு அவளும் வந்திருந்தாள்.

1996இல் அண்ணன் கூப்பிட்டு மொன்றியலுக்கு வந்தாள். அண்ணன் இரண்டே வருடத்தில் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். செல்வமலர் போகவில்லை, மொன்றியலிலேயே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். இங்கேயும் முதியோர் இல்லம், இங்கேயும் துணி. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் “நேரம் கிடைக்கேல்லை” என்பாள். பாடுபட்டுக் கற்று, பத்து வருடம் பேசிய ஜெர்மனை இந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் பிரெஞ்சு கேட்டார்கள், வேலைக்குப் போன இடத்தில் இங்கிலீஷ் கேட்டார்கள், கோயிலில் ‘ஊரில் எவ்விடம்’ என்று கேட்டார்கள். ஆனாலும் ஹாமில் அவளுக்கு மேற்பார்வையாளராக இருந்த அம்மா நல்ல மனுசி. வோஸ்காம்ப் அடுத்த பாகம் எழுதும்போதெல்லாம் கிறிஸ்மஸுக்கு ஒரு பிரதி அனுப்பிவைப்பாள். மொத்தம் நாலு பாகம் வந்தது.

செல்வமலர் இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் நாலு தோய்க்கும் மெசின்கள். அதில் ஒன்று எப்போதும் பழுது, எது பழுது என்பது மட்டும் கிழமைக்குக் கிழமை மாறும். சனிக்கிழமை காலை எட்டரைக்கு நாலு தமிழ்ப் பெண்கள் அங்கே கூடுவார்கள். செல்வமலர் ஒருத்தி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் பாலாம்பிகை அடுத்தவள், ஐந்தாம் மாடி, செல்வமலரைவிட மூன்று வயது மூப்பு. மூன்றாவது இமெல்டா. அறுபத்தேழு வயது, கணவர் இல்லை, கிறிஸ்தவ வேதக்காரி, வாய் மட்டும் எந்த மதத்துக்கும் கட்டுப்படாது. நாலாவது நிரோஜா, கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், பிரெஞ்சில் படித்து வளர்ந்தவள். ஒரு சலவைக்கு முப்பத்தெட்டு நிமிடம். இடையில் மேலே போய் வரலாம் என்றால் லிஃப்டை நம்ப வேண்டும். ஆகவே ஒருவரும் போவதில்லை.

2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஊர்ப் புதினமும் கோயில் புதினமும் பேசித் தீர்ந்துபோய் நாலு பேரும் மெசின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வமலர் சும்மா வாயைத் திறந்தாள்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இருக்கு. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்.”

“எந்த ஊர்?” என்றாள் இமெல்டா.

“ஜெர்மனி.”

“என்ன ஆக்கள்?”

எங்கள் சனம் எந்தக் கண்டத்துக்குப் போனாலும் இந்தச் சாதிக் கேள்வியை விசா இல்லாமல் கொண்டுபோய்விடும். செல்வமலர் கொஞ்சம் யோசித்தாள்.

“பேக்கரிக்காரர்.”

இமெல்டா தலையை ஆட்டினாள். இனிக் கதையைக் கேட்கலாம்.

அன்று முதல் ஒரு சலவைக்கு ஓர் அத்தியாயம். மெசின் தண்ணீர் இழுக்கும்போது தொடங்கி, கடைசிச் சுற்றில் அறை அதிரும்போது முடிப்பாள். சத்தம் கூடும் இடத்தில் சண்டைக் காட்சியை வைத்துக்கொள்ள அவளுக்குப் பழகிவிட்டது. கேட்டவர்கள் அதைக் கதையென்றே எடுக்கவில்லை. தாய் பிரிங்மானுக்குச் சுகமில்லை என்றதும் பாலாம்பிகை கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். நட்சத்திரம் கேட்டார்களாம், தெரியாததால் தன்னுடையதைக் கொடுத்தாளாம். நிரோஜா லீசெலின் பக்கம், இமெல்டா மார்த்தாவின் பக்கம். இருவரும் ஒரு மாதம் ஒரே மெசினைப் பங்குபோடாமல் இருந்தார்கள். வோஸ்காம்ப்புக்கு இவர்கள் வைத்த பெயர் கெர்லிண்டாக்கா.

மார்த்தாவுக்கு ஒரு கணவன் உண்டு, ஹொர்ஸ்ட். நாலு பாகத்திலும் அவர் மூலையில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

“அந்தாள் வாயே திறக்காதோ?” என்று இமெல்டா ஒருநாள் கேட்டாள்.

“கெர்லிண்டாக்கா அவருக்குக் கதை குடுக்கேல்லை” என்றாள் செல்வமலர். அத்துடன் ஹொர்ஸ்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மூன்றாம் பாகத்தில்தான் வினை வந்தது. தாயின் அடக்கம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்க வருகிறார்கள். மேசையில் இடம் ஒழுங்குசெய்தவள் லீசெல். எல்லாருக்கும் இருக்கக் கதிரை போட்டிருக்கிறாள், மார்த்தாவுக்குப் போடவில்லை. மறந்ததா, வேண்டுமென்று செய்ததா என்று புத்தகம் சொல்லவில்லை. மார்த்தா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போகிறாள். பிறகு பதினாலு வருடம் பேச்சில்லை.

அந்தச் சனிக்கிழமை மெசின் நின்ற பிறகும் பாலாம்பிகை துணியை எடுக்கவில்லை. மற்ற இருவரும் போன பிறகு, ஈரத்துணிக்கு முன்னால் நின்றபடி செல்வமலருக்குத் தன் கதையைச் சொன்னாள்.

எங்கள் மரண அறிவித்தலைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் செத்தவரைப் பற்றி ஒரு வரி இருக்கும், மிச்சம் முழுக்க உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள். இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார். பேப்பரைக் கையில் எடுப்பவர்கள் செத்தவரைத் தாண்டிக்கொண்டு நேரே மருமக்கள் வரிக்குத்தான் போவார்கள், யார் விடுபட்டது என்று பார்க்க.

பாலாம்பிகையின் தகப்பனார் 1997இல் ஊரில் காலமானார். மொன்றியலில் இரண்டு மகள்கள் இருந்தார்கள். மூத்தவள் சிவநேசம் ரொக்ஸ்பரோவில், இளையவள் பாலாம்பிகை கோட்-டெ-நெய்ஜில். தமிழ்ப் பேப்பருக்கு அறிவித்தல் எழுதிக் கொடுத்தது இளையவள். ‘சிவநேசம், பாலாம்பிகை ஆகியோரின் பாசமிகு தந்தையும், தியாகலிங்கத்தின் அன்பு மாமனாரும்’ என்று அச்சில் வந்தது. மகள் இரண்டு, மருமகன் ஒன்று. தியாகலிங்கம் பாலாம்பிகையின் கணவர். சிவநேசத்தின் கணவர் யோசெப்பைக் காணவில்லை. யோசெப் வேதக்காரர், அதோடு வேறு ஆட்கள். சிவநேசம் விரும்பிக் கட்டினவள். தகப்பனார் கடைசிவரை அந்த மனுசனை வீட்டுப் படலைக்கு உள்ளே எடுக்கவில்லை.

சிவநேசம் அந்தப் பேப்பரைத் தமிழ்க் கடையில் நின்று வாசித்தாள். மடித்துத் திரும்ப அதே தட்டில் வைத்தாள். வாங்காமல் போய்விட்டாள். அவ்வளவுதான் சண்டை. அடுத்த ஒன்பது வருடம் இருவரும் பேசவில்லை.

“மறந்துபோனன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்” என்றாள் பாலாம்பிகை. “மறக்கேல்லை மலர். எழுதினனான். எழுதிப்போட்டு வெட்டினனான். அப்பாவுக்குப் பிடிக்காது எண்டு. செத்த மனுசன் பேப்பர் வாசிக்கப்போறாரோ?”

அவள் அழுதாள். செல்வமலர் அவளுடைய துணியை எடுத்து உலர்த்தும் மெசினில் போட்டாள். அன்று மாலையே நாலாம் பாகத்தின் இன்னும் வாசிக்காத கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். பார்த்திருக்கக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் லீசெல் பனிக்குள்ளால் நடந்துபோய் மார்த்தாவின் கதவைத் தட்டுகிறாள். மார்த்தா திரைக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். திறக்கவில்லை. லீசெல் வீட்டுக்குத் திரும்பி நடக்கிறாள். முடிந்தது.

செல்வமலருக்குக் கெர்லிண்டாவில் வந்த கோபம் கொஞ்சமல்ல. இருபது வருடம் ஒரு குடும்பத்தைச் சுமக்கவைத்துவிட்டு, கடைசியில் இப்படியா செய்வது?

2006 மார்ச்சில் கடைசிச் சலவை வந்தது. லீசெல் பனிக்குள்ளால் நடந்தாள், வாசலுக்கு வந்தாள், தட்டினாள். பாலாம்பிகை ஒரு தலையணை உறையை நாலாக மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். செல்வமலர் அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

“கதவு திறந்தது.”

மெசின் நின்றது. இமெல்டா சிலுவை போட்டுக்கொண்டாள். நிரோஜா கைதட்டினாள். பாலாம்பிகை மட்டும் அசையவில்லை.

“பிறகு?”

“பிறகென்ன, முடிஞ்சுது.”

“கதவு திறந்தாப் பிறகு என்ன கதைச்சவை?”

“அது எழுதேல்லை பாலாக்கா.”

ஒரு பொய்யோடு அது முடிந்திருந்தால் செல்வமலர் நிம்மதியாக இருந்திருப்பாள். பாலாம்பிகை விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சவர்க்காரத்தூளைக் கொட்டிக்கொண்டே கேட்டாள். திறந்த உடனே முதல் கதைச்சது ஆர்? மன்னிப்புக் கேட்டவளோ? அக்கா எண்டு கூப்பிட்டவளோ? சிவநேசத்தின் வீட்டுக்குத் தானும் போகத்தான் போகிறாள், ஆனால் கதவு திறந்த பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் எப்படிப் போவது? ஏழு மாதம் இப்படிப் போனது. செல்வமலர் திறந்துவிட்ட கதவுக்குள் பாலாம்பிகை போகவும் இல்லை, அதை விட்டு விலகவும் இல்லை. போனால் திரைக்குப் பின்னால் இருந்து சிவநேசம் பார்த்துக்கொண்டு நிற்பாளோ என்று செல்வமலர் பயந்தாள். அப்படி நடந்தால் இந்த மனுசியை அனுப்பிவைத்த பழி யாருடையது?

ஒக்டோபரில் நிரோஜா ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தாள். கார்டெரிக்குப் பக்கத்து நூலகத்தில் ஒட்டியிருந்ததாம்.

“அன்ரி, கெர்லிண்டாக்கா மொன்றியலுக்கு வாறா! ஜெர்மன் ஆக்களின்ர சங்கத்தில, வாற சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு மணி.”

பாலாம்பிகை பிரசுரத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். நரைத்த தலை, கண்ணாடி, சிரிக்காத வாய்.

“நல்லதாப் போச்சு” என்றாள். “நேரவே கேக்கலாம்.”

“ரிக்கெற் கிடைக்காது” என்றாள் செல்வமலர்.

“இலவசம் அன்ரி.”

“முழுக்க ஜெர்மன்லதான் கதைப்பா. உங்களுக்கு விளங்காது.”

“பிரெஞ்சில சொல்லுறதுக்கு ஆள் இருக்காம், கீழ போட்டிருக்கு.”

“பலகாரம் ஏதும் தருவினமோ?” என்றாள் இமெல்டா. அத்துடன் நாலு பேரும் போவதென்று முடிவாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். பாலாம்பிகை கூறைச்சேலைக்கு ஒரு படி குறைவான சேலை கட்டி, மடியில் முறுக்கு அடைத்த ஒரு தகர ரின் வைத்திருந்தாள். கெர்லிண்டா கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிடக் கூடாது என்று செல்வமலர் நாலு கடவுளுக்கு நேர்த்தி வைத்தாள், அதில் ஒருவர் இமெல்டாவின் கடவுள். கெர்லிண்டா முதல் பாகத்திலிருந்து மாப் பிசையும் இடத்தை வாசித்தாள். செல்வமலர் மூச்சுவிட்டாள். பிரெஞ்சில் மொழிபெயர்த்த இளைஞன் மாவுச் சொற்களுக்கு மிகவும் பாடுபட்டான்.

பிறகு வாசகர்கள் எழும்பினார்கள். ஒரு கிழவர், பாகம் இரண்டில் வரும் ரொட்டிக்குப் புளிமா அளவு பிழை, தன் மனைவி செய்துபார்த்துக் கல்லாய்ப் போனது என்றார். ஒரு பெண், ‘இது என் குடும்பத்துக் கதை, உங்களுக்கு யார் சொன்னது?’ என்று கேட்டாள். எந்த ஊர் என்று கெர்லிண்டா விசாரித்தாள். அந்த ஊருக்குத் தான் போனதே இல்லை என்றாள். அந்தப் பெண் நம்பவில்லை. மூன்றாவதாக எழும்பியவள் உயரமான ஒரு அம்மா. குரல் நடுங்கக் கேட்டாள்: “கடைசியில் மார்த்தாவை ஏன் நீங்கள் கதவு திறக்க விடவில்லை?”

இளைஞன் அதைத் தெளிவான பிரெஞ்சில் சொன்னான். நிரோஜாவின் தலை மெதுவாகத் திரும்பியது. அவள் செல்வமலரைப் பார்த்தாள். செல்வமலர் நேரே மேடையைப் பார்த்தாள். மேடையில் ஒரு தண்ணீர்க் கிளாஸ் இருந்தது, அதைப் பார்த்தாள்.

“இந்தக் கதவைப் பற்றி இருநூறு கடிதம் வந்திருக்கிறது” என்றாள் கெர்லிண்டா. “என் சொந்த அக்கா முதல் பாகத்தை வாசித்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இருபத்தொரு வருடம். எனக்குத் தெரிந்த கதவு அதுதான். அதைத்தான் எழுதினேன்.”

“என்னவாம்?” என்றாள் பிரெஞ்சும் பிடிபடாத பாலாம்பிகை.

“ரொட்டியைப் பற்றி” என்றாள் செல்வமலர். நிரோஜா பிரசுரத்தைச் சுருட்டிக்கொண்டாள்.

கையெழுத்து வாங்கும் வரிசையில் அவர்களின் முறை வந்தது. பாலாம்பிகை முறுக்கு ரின்னை மேசையில் வைத்துக் கும்பிட்டாள்.

“மலர், சொல்லும். கதவு திறந்த இடம் எனக்கு நல்லாப் பிடிச்சது எண்டு சொல்லும். பிறகு என்ன கதைச்சவை எண்டு கேளும். எனக்கு அது தெரியோணும்.”

இப்போது எதையும் சொல்லித் தப்பலாம். இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய், நடுவில் தான் மட்டும். செல்வமலருக்கு அது இருபது வருடத்தில் கிடைத்த முதல் வசதி, ஜெர்மன் தெரிந்ததால் கிடைத்த ஒரே வசதி. அவள் குனிந்து, கெர்லிண்டாவின் முகத்துக்கு நேரே, உண்மையைச் சொன்னாள். நான் உங்கள் முடிவை மாற்றிவிட்டேன். இந்த அம்மா அதை நம்பிக்கொண்டிருக்கிறார். இவருக்கு ஒரு அக்கா இருக்கிறார், நீங்கள் கதிரை போடாமல் விட்டதுபோல இவர் ஒரு பெயரைப் போடாமல் விட்டுவிட்டார். கதவு திறந்த பிறகு என்ன பேசினார்கள் என்று கேட்கிறார். மூன்று நிமிடம் பிடித்தது.

“நான் கேட்டது ஒரு வரி” என்றாள் பாலாம்பிகை. “உதென்ன இவ்வளவு நேரம்?”

“ஜெர்மன் நீளமான பாசை.”

கெர்லிண்டா கண்ணாடியைக் கழற்றினாள். கோபிக்கப்போகிறாள் என்று செல்வமலர் நினைத்தாள். அவள் கோபிக்கவில்லை. பாலாம்பிகையை வெகுநேரம் பார்த்தாள், வரிசையில் நின்றவர்கள் செருமும் வரைக்கும். பிறகு மெதுவாகச் சொன்னாள். செல்வமலர் அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

“தனக்குத் தெரியாதாம் பாலாக்கா. இருபத்தொரு வருசமா யோசிக்கிறாவாம். நீங்கள் போய்ப் பாத்திட்டுத் தனக்கு எழுதட்டாம்.”

“எழுதின மனுசிக்கே தெரியாதாமோ?” பாலாம்பிகைக்கு மனம் நொந்துபோனது. ரின்னைத் திரும்ப எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். விட்டுவிட்டாள். “அப்ப நான்தான் போகோணும். நாளைக்குப் போறன். நீரும் வாரும்.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரொக்ஸ்பரோவுக்கு ரயில் ஏறினார்கள். பாலாம்பிகையின் மடியில் இன்னொரு ரின் இருந்தது. வழியெல்லாம் அவள் வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். அக்கா திறந்தால் முதலில் ‘அக்கா’, பிறகு ‘என்னில பிழைதான்’, பிறகு ரின். இல்லாவிட்டால் முதலில் ரின். ரயில் மலைக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்தது. செல்வமலரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“பாலாக்கா, கதவு திறக்கேல்லை. நான்தான் அப்பிடிச் சொன்னனான். புத்தகத்தில அவள் தட்டிப்போட்டுத் திரும்பிப் போறாள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இறங்கித் திரும்பிப் போவம்.”

பாலாம்பிகை இருட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

“தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“நிரோஜா. நேற்று பஸ்ஸுக்குள்ளயே சொல்லிப்போட்டாள்.”

“பிறகு ஏன் வாறியள்?”

“முறுக்குச் சுட்டாச்சு” என்றாள் பாலாம்பிகை.

ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. செல்வமலருக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதாள். பாலாம்பிகை கைப்பையிலிருந்து ஒரு ரிசுக் கடதாசியை எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒத்திகையைத் தொடர்ந்தாள்.

நிலையத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. வாசலில் ஒரு சின்ன மேப்பிள் மரம், கூட்டிக் குவித்த இலைகள், ஜன்னலில் வெள்ளைத் திரை. செல்வமலர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை. பாலாம்பிகை மணியை அடித்தாள்.

கதவு திறந்தது.

திறந்தது சிவநேசம் இல்லை. நரைத்த மீசையும் வீட்டுச் சாரமுமாக ஒரு மனிதர், ஹொர்ஸ்டைப் போலக் கையில் அன்றைய பேப்பர். யோசெப்.

செல்வமலருக்கு அப்போதுதான் உறைத்தது. கெர்லிண்டா இருநூறு கடிதம் வாங்கினாள், தான் ஒரு கதவை மாற்றி எழுதினாள், பாலாக்கா ஏழு மாதம் கேள்வி கேட்டு ரயிலெல்லாம் ஒத்திகை பார்த்தாள். ஒருவர் கணக்கிலும் இந்த மனுசன் இல்லை. அவரை மறுபடியும் விட்டிருக்கிறார்கள். அவருடைய வீட்டு வாசலிலேயே.

பாலாம்பிகை பழகிய வசனம் எல்லாம் அக்காவுக்கானது, ஒன்றும் உதவவில்லை. அந்த மனிதருக்குக் கலியாணமாகிப் பத்தொன்பது வருடம். அவ்வளவு காலத்தில் இவள் அவரை ‘அந்தாள்’ என்றுதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் அவர் இல்லாத இடத்தில். நேரே ஒரு முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“அத்தான்” என்றாள் பாலாம்பிகை.

யோசெப் அவளைப் பார்த்தார், ரின்னைப் பார்த்தார், செல்வமலரின் வீங்கிய கண்ணைப் பார்த்தார். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

“ஆரப்பா அது?” என்று உள்ளேயிருந்து சிவநேசத்தின் குரல் வந்தது.

“எங்கட ஆக்கள்தான்” என்றார் யோசெப்.

பிறகு காலடி கேட்டது. சிவநேசம் கையில் தரை துடைக்கும் தும்புத்தடியோடு நடைவழியில் வந்து நின்றாள். தங்கையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இளைத்துவிட்டாள் என்று நினைத்தாளோ, நரைத்துவிட்டாள் என்று நினைத்தாளோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தங்கையும் அக்காவைப் பார்த்தாள்.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ” என்றாள் சிவநேசம். “இப்பதான் துடைச்சனான்.”

கதவு திறந்த பிறகு பேசியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் குசினிக்குள் நடந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டு பேசியதால் செல்வமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முன்னறையில் யோசெப்புக்கு எதிரே இருந்து முறுக்குத் தின்றாள். அவர் பேப்பரில் ஒரு பகுதியைப் பிரித்து அவளிடம் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை நிலக்கீழ் அறையில், மெசின் தண்ணீர் இழுக்கத் தொடங்கியதும் பாலாம்பிகை செல்வமலரின் கையில் ஒரு கடதாசியும் பேனையும் கொடுத்தாள். தான் தமிழில் சொல்லச் சொல்ல ஜெர்மனில் எழுத வேண்டும், ஒரு சொல்லும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்றாள். நிரோஜாவைப் பக்கத்தில் இருத்திக் காவலும் வைத்தாள், அவளுக்கு ஜெர்மன் தெரியாது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. இமெல்டாவுக்கும் சொல்ல ஒன்று இருந்தது, அதைத் தனிக் கடிதமாக எழுதச் சொல்லி அவளை அடக்கினார்கள்.

“அன்பான கெர்லிண்டாக்காவுக்கு” என்று தொடங்கினாள் பாலாம்பிகை. “நீங்கள் சொன்ன மாதிரிப் போனன். கதவு திறந்தது. திறந்தது அத்தான். அவரை நீங்களும் விட்டிட்டியள், நானும் விட்டிட்டன். அடுத்த புத்தகத்தில அவரின்ர பேரையும் போடுங்கோ.”

செல்வமலர் அப்படியே எழுதினாள்.